மப்ரூக்கா கொண்டுவந்த வலி

மப்ரூக்காவின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஈ.சி.ஜி. தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்து பிள்ளை பெற்ற பிறகு இவ்வளவு ஒழுங்காகத் துடிக்கிற இதயத்தை அந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்திருக்கவில்லை.

"வலி எங்க ஆரம்பிக்குது, மப்ரூக்கா?"

"இங்க." நெஞ்சின் நடுவில் முஷ்டியை மூடி வைத்தாள். வலியைப் பொய்யாகச் சொல்பவர்கள் விரலால்தான் காட்டுவார்கள். இந்த முஷ்டியை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். "இங்கேர்ந்து தாடைக்கு ஏறுது. அப்புறம் இடது கை. ஈரத்துணியை முறுக்கிப் பிழியற மாதிரி."

"எப்போ வருது?"

"காலைல. குளிர்ல. பின்கதவத் தொறந்து சாமான் ஏத்..." நிறுத்தினாள். "சாமான் தூக்கும்போது. வீட்டுச் சாமான்."

"நின்னா போயிடுதா?"

"போயிடும். ஒரு சிகரெட் குடிக்கிற நேரந்தான். ஆனா இந்த வாரம் சும்மா உக்காந்திருக்கும்போதே வந்துடுச்சு. ரெண்டு தடவ. முகமெல்லாம் வேர்த்து, சட்டக் காலர் நனைஞ்சு..."

அவள் போட்டிருந்தது கழுத்து மூடிய கம்பளி உடை. காலர் கிடையாது. அவள் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை, கணவனுடைய பெட்டியை ஒளித்துவைக்கும்போது தவிர.

மலையோரத்துச் சிற்றூரான எங்கள் தாஜெருயினில் நோய் எப்போதும் நோயாளியோடு வருவதில்லை. கணவனின் மூலநோய் மனைவியின் பெயரில் வரும். மகளின் நின்றுபோன மாதவிடாய் தாயின் பெயரில் வரும். தம்பி இருமுகிற இருமலை அக்கா என் முன்னால் உட்கார்ந்து இருமிக் காட்டியிருக்கிறாள், தத்ரூபமாக. மருத்துவக் கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லை. புதிதாக வந்த காலத்தில் நான் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதயம் நன்றாக இருக்கிறது, போய் வா என்று அனுப்பிவிடுவேன். இங்கே வருகிற எல்லா மருத்துவர்களும் முதலில் செய்கிற தவறு அது.

மப்ரூக்காவின் கணவர் திஜானியை ஊரில் எல்லோரும் மரியாதையாக ஸி திஜானி என்பார்கள். லுவாஜ் ஓட்டுகிறார். எட்டுப் பேர் ஏறுகிற வெள்ளை வேன், பக்கவாட்டில் சிவப்புக் கோடு. விடியும்போது நிலையத்திலிருந்து தலைநகருக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்புவார். அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வசந்தத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். சான்றில் கையெழுத்துப் போடுகிறவள் நான். தன் நெஞ்சு என் அறைக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் என்னால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்று அவர் நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார். அதனால் நெஞ்சை வீட்டில் வைத்துக்கொண்டு மனைவி வருவதைத் தடுக்காமல் விட்டிருந்தார்.

"மப்ரூக்கா, இது சாதாரண வலி இல்ல. நாளைக்கே மறுபடி பாக்கணும். உங்கள தனியா அனுப்ப எனக்கு மனசில்ல. வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஈ.சி.ஜி. தாளை மடித்தேன்.

"அவர் எங்க வருவாரு, டாக்டரம்மா? டாக்டர்னாலே அவருக்கு ஆகாது."

"அவருக்கில்லையே. உங்களுக்குத்தானே."

"அதான," என்றாள். "எனக்குத்தானே."

அவள் போன பிறகு, மனசில்ல என்று நான் சொன்ன வார்த்தையை யோசித்துப் பார்த்தேன். அது பழக்கத்தில் வந்தது. மனதில் அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை.

*

எப்போது ஆரம்பித்தது என்று நோயாளியிடம் கேட்பதுபோல என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா போனதிலிருந்து என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் வாழ்ந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். கடைசி நேரத்தில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தவள் நான்தான். முடிந்தது என்று அடுத்த அறையில் இருந்த உறவினர்களிடம் சொன்னவளும் நான்தான். அதைச் சொன்ன குரல் வழக்கமாக மற்ற வீடுகளில் சொல்கிற அதே குரல். குரல் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் என் தோளில் சாய்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும் ஒருத்தி கைப்பையைத் திறந்து சர்க்கரைச் சோதனை முடிவை எடுத்து, வந்ததுதான் வந்தோம், ஒரு பார்வை பாத்துடுங்களேன் என்றாள். பார்த்தேன். கோபம் வரவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரவில்லை. மாத்திரையை மாற்றச் சொன்னேன். நல்ல ஆலோசனைதான்.

நான்காம் நாள் கிளினிக்கைத் திறந்தேன். அதிலிருந்து ஒரு குளிர்காலம் முழுக்க இப்படி. வாய் சரியான கேள்விகளைக் கேட்டது, கை சரியான இடங்களை அழுத்தியது. ஒரு குழந்தை தன் ஆரஞ்சுப் பழத்தில் ஒரு சுளையை எடுத்து எனக்கு நீட்டியது. இப்போது சிரிக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்தேன். குழந்தை சுளையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

தைராய்டாக இருக்கலாம் என்று ரத்தம் கொடுத்தேன். என் பெயரில் கொடுத்தால் மாலைக்குள் ஊருக்கே தெரியும். நஜெத்திடம், உன் பேர்ல அனுப்பட்டுமா என்று கேட்டேன். பன்னிரண்டு வருடமாக என் கிளினிக்கில் முன்னறையைப் பார்த்துக்கொள்கிறவள். ஏன் என்று கேட்கவில்லை. "அனுப்புங்க. என் பேரு என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள். முடிவை அவளே போய் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையாம், டாக்டரம்மா." எல்லா எண்களும் சரியாக இருந்தன.

மப்ரூக்கா வந்துபோன அன்று மத்தியானம் நவ்ஃபல் அழைத்தான். மொனஸ்தீர் மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்தவன். இப்போது கடற்கரை நகரமான சூஸில் சிறுநீரக மருத்துவன், சொந்தமாக இரண்டு டயாலிசிஸ் மையங்கள் வைத்திருக்கிறான். ஒன்றுக்குப் பொறுப்பு மருத்துவர் வேண்டும்.

"என்ன வஸீலா, இன்னும் சளி இருமலோடதான் குடும்பம் நடத்தறியா?"

"வயித்துப்போக்கும் உண்டு."

"சிரிக்காம சொல்ற பாரு. வியாழக்கிழமைக்குள்ள பதில் வேணும். கஸ்ஸரீன்காரன் ஒருத்தன் வரிசையில நிக்கிறான். எனக்கு நீதான் வேணும், ஏன்னா நீ சண்ட போட மாட்ட."

"வேலை எப்படி?"

"நாலு மணி நேரம் படுத்திருப்பாங்க. மெஷின் பாத்துக்கும். நீ மெஷினப் பாத்துக்க. யாரும் ஒன்ன சந்தையில நிறுத்தி நாக்க நீட்டிக் காட்ட மாட்டாங்க. சாயங்காலம் கடற்கரையில நட. ஒனக்கு என்னதான் இருக்கு அந்த மலையில?"

எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு வருகிற மாணவர்கள் கூச்சத்தோடு கேட்பார்கள், ஏன் பொது மருத்துவம், ஏன் இங்கே என்று. மக்கள் மேல் உள்ள அன்பு என்று சொல்லியிருக்கிறேன். அது மாணவர்களுக்குப் பிடிக்கும். உண்மையில் சிறப்பு மருத்துவத் தேர்வை ஒரு முறை எழுதினேன், கிடைக்கவில்லை. மறுபடி எழுதுவதற்கு முன்னால் இங்கே சுகாதார நிலையத்தில் கொஞ்ச காலத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்தக் காலம் முடிகிற நாளில் ஒரு கிழவர் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். கட்டுப் போட்டுவிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பாக்கலாம் என்றேன். வாய்தவறிச் சொன்னதுதான். ஆனால் சொல்லியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவர் வரும்போது நான் அங்கே இருக்க வேண்டியிருந்தது. அவர் வந்த அன்று இன்னொருவரிடமும் அதையே சொன்னேன். தங்கினேன் என்று சொல்வதற்கு இதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

இப்போது அதையும் சொல்வதில்லை. சரியாகலைன்னா எங்கயாவது காட்டுங்க என்கிறேன்.

"நவ்ஃபல், எனக்கு ஒரு நோயாளி இருக்கா," என்றேன். "ஐம்பது தாண்டிட்டா. தூங்கறா, சாப்பிடறா, வேலைக்குப் போறா. ஆனா ஒண்ணுமே உறைக்கல. சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல. அம்மா செத்ததுக்குக்கூட அழல."

"தைராய்டு பாத்தியா?"

"பாத்தேன். சரியா இருக்கு."

"ரத்தசோகை?"

"இல்ல."

"அப்போ மனநல மருத்துவர்கிட்ட தள்ளிவிடு. ஒனக்கெதுக்கு அந்தத் தலவலி? இதுக்குத்தான் சொல்றேன், இங்க வா. வியாழன், மறந்துடாத."

சரியான ஆலோசனைதான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சரி, வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கும் ஒரு அசைவு தேவைப்பட்டது.

*

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். முன்னறையில் நுழைந்ததும் எல்லோரையும்போல திஜானியும், "யார் கடைசி?" என்று கேட்ட சத்தம் உள்ளே கேட்டது. எங்கள் ஊரில் எண் கொடுக்கும் வழக்கம் இல்லை. கடைசியாக வந்தவர் கையைத் தூக்குவார், புதிதாக வந்தவர் அவருக்குப் பின்னால்.

"நான்தான் கடைசி, ஸி திஜானி," என்றது ஒரு கிழவியின் குரல். "நீ போ முதல்ல. ஒனக்கு வண்டி இருக்கும்."

"எனக்கொண்ணுமில்ல, அத்தை. இவளுக்குத்தான்."

"தெரியும் தெரியும். போ."

உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். உடம்பு பெரியது. முகம் ஈயத்தின் நிறத்தில் இருந்தது. கையில் வண்டிச் சாவி.

"இவளுக்கு நெஞ்சு எங்க இருக்கு, டாக்டரம்மா, வலிக்கறதுக்கு? இவளுக்கு வாய் மட்டுந்தான்."

"அந்த வாய் இல்லேன்னா இன்னைக்கு இங்க வந்திருப்பியா?" என்றாள் மப்ரூக்கா.

நான் அவளைப் பார்த்துத்தான் பேசினேன். அவளை மட்டும்.

"மப்ரூக்கா, உங்க இதயத்துக்கு ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிட்டிருக்கு. முன்னாடி வேலை செய்யும்போது மட்டும் வலிச்சுது. இப்போ சும்மா இருக்கும்போதே வலிக்குது. அப்படின்னா நாள் தள்ளக்கூடாதுன்னு அர்த்தம். மொதல்ல சிகரெட்ட நிறுத்தணும். இன்னைக்கே."

"நிறுத்திடறேன்," என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

திஜானி தரையைப் பார்த்தார். "ஒரேயடியாவா? கொஞ்சம் கொஞ்சமா கொறச்சா ஆகாதா... அவளுக்கு?"

"ஆகாது."

"ரொம்ப வருஷத்துப் பழக்கமாச்சே, டாக்டரம்மா. பாவம்."

"நான் விட்டுடுவேன்," என்றாள் மப்ரூக்கா. "எனக்கு மன உறுதி உண்டு. சில ஆம்பளைங்க மாதிரி இல்ல."

அறையைச் சூடாக்குகிற எரிவாயு அடுப்பு மூலையில் சீறிக்கொண்டிருந்தது. திஜானி சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தக் குழாயத் தொறந்தாச்சுன்னு வைங்க. அப்புறம் இவ வேலை என்னாகும்?"

அவர் இரண்டு நாளாக, ஒருவேளை ஒரு வருடமாக, கேட்க நினைத்த ஒரே கேள்வி அதுதான். அதைத் தெரிந்துகொண்டதும் முன்பெல்லாம் என் தொண்டையில் ஏதோ நகரும். இப்போது தெரிந்துகொண்டது மட்டும் நடந்தது.

"சில வாரம் வேலை கிடையாது. அப்புறம் ஓடவிட்டு ஒரு சோதனை பண்ணுவாங்க. அது சரியா இருந்தா, வேலைக்குப் போகலாம்னு நானே கையெழுத்துப் போடுவேன், மப்ரூக்கா. இப்படியே விட்டா போட மாட்டேன். எட்டுப் பேரு பின்னாடி உக்காந்திருக்காங்க."

எட்டுப் பேர் என்று சொல்லியிருக்கக் கூடாது. மப்ரூக்காவின் சமையலறையில் எட்டுப் பேர் உட்கார இடமில்லை. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்கணும்," என்றேன். "ஆனா நேத்து ரொம்ப பயந்துட்டாங்க இவங்க. ஸி திஜானி, நீங்க மொதல்ல படுத்துக் காட்டுங்க. ஒண்ணும் செய்யாதுன்னு தெரிஞ்சா தைரியம் வரும்."

"ஆமா," என்றாள் மப்ரூக்கா உடனே. "ஒரே நடுக்கம் எனக்கு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்தார். எழுந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். நஜெத்தைக் கூப்பிட்டேன். அவள் வந்து நெஞ்சில் கம்பிகளை ஒட்டினாள்.

"குளிருதே, நஜெத்து. பிணத்துக்கு ஒட்டற மாதிரி இருக்கு."

"பேசாம படுங்க, ஸி திஜானி. பேசினா கோடு கோணலா வரும். அப்புறம் அக்காதான் பயப்படுவாங்க."

தாள் வெளியே வந்தது. கோடுகள் இறங்கியிருந்தன, இறங்கக் கூடாத இடங்களில். பார்த்ததும் என் கை அலமாரியைத் திறந்து ஆஸ்பிரினை எடுத்தது. என் கை எப்போதும் என்னைவிட முன்னால் போகும். "இத மெல்லுங்க, முழுங்காதீங்க." அவர் ஏன் என்று கேட்காமல் மென்றார். நாக்குக்கடியில் மருந்தைத் தெளித்தேன். பக்கத்து நகரமான கெஃபில் மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஸி திஜானி, இப்பவே கெஃப் போகணும்."

"இவளையா?"

"ரெண்டு பேரும்."

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கசந்த வாயோடு மெதுவாகக் கேட்டார். "யார் ஓட்டறது?"

அதோடு அந்த விளையாட்டு முடிந்தது. மப்ரூக்கா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்ல," என்றேன்.

ஆம்புலன்ஸ் மலைப்பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. காத்திருப்பதைவிட லுவாஜ் நிலையத்திலிருந்து வண்டி வருவது சீக்கிரம். வந்தது ஷெத்லி. நிலையத்தில் வண்டி நிறுத்துகிற முன்வரிசை இடத்துக்குத் திஜானியோடு வருடக்கணக்காகச் சண்டை போடுகிறவர்.

"இவனா?" என்றார் திஜானி, ஒரு கை மப்ரூக்காவின் தோளிலும் இன்னொன்று நஜெத்தின் தோளிலுமாக. "இவன் கியர் மாத்தறதப் பாத்தா நல்ல நெஞ்சே நின்னுபோகும்."

"ஏறுய்யா. பின்சீட்டுல படு," என்றார் ஷெத்லி. அவர் கண்கள் சிவந்திருந்தன. "ஒரு நாளாவது பின்சீட்டுல உக்காந்து பாரு, அங்க எவ்வளவு ஆட்டுதுன்னு."

சுகாதார நிலையத்து ஆண் செவிலியர் கூட ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியது. தெருவில் நின்றிருந்தவர்கள் என்னைப் பார்த்து, அல்லாஹ் உங்க கைக்குப் பலம் தரட்டும் என்றார்கள். தலையசைத்தேன். உள்ளே வந்து கையைக் கழுவினேன். அடுத்து, கடைசி என்று கையைத் தூக்கியிருந்த கிழவியின் முழங்கால்.

*

வியாழன் காலை மப்ரூக்கா தொலைபேசியில் அழைத்தாள். கெஃபிலிருந்து திஜானியைத் தலைநகருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"டாக்டரம்மா, என் குழாயத் தொறந்துட்டாங்க. ரெண்டு எடத்துல. உள்ள என்னமோ சுருள் கம்பி வெச்சிருக்காங்களாம் எனக்கு."

"இப்போ எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்கறேன். குறட்டை விட்டுத் தூங்கறேன்." பின்னால் ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. "சிகரெட் கேக்கறேன், இவங்க தர மாட்டேங்கறாங்க." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து வேறாகியது. நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் அழுது முடிக்கும்வரை இருந்தேன்.

ஒரு மனிதர் பிழைத்திருக்கிறார். நான் இல்லையென்றால் எட்டுப் பேரோடு ஏதாவது ஒரு வளைவில் போயிருப்பார். சந்தோஷப்படுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் ஒருவருக்குக் கிடைக்காது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல என்னைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஈறு இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் முடிவு செய்தேன், மாலையில் நவ்ஃபலுக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று. உணர்ச்சி இல்லாமல் பார்க்கிற வேலைக்கு மெஷின் நல்லது. இங்கே என்றாவது ஒரு நாள் என் கை முன்னால் போகாது. ஒரு காலர் நனைந்ததை என் காது கேட்காமல் விட்டுவிடும். கேட்காமல் விட்டதற்காகக்கூட எனக்கு வலிக்காது. அதை நினைத்துத்தான் கொஞ்சம் பயப்பட வேண்டியிருந்தது, பயமும் எண்ணமாக மட்டுமே வந்தது.

மாலையில் எல்லோரும் போய்விட்டார்கள். முன்னறை விளக்கு அணைகிற நேரம். அணையவில்லை. நஜெத்தின் குரல் கேட்டது, காலி அறையில், உரக்க.

"யார் கடைசி?"

கொஞ்சம் இடைவெளி.

"நான்தான்."

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். வேலைக்குப் போடுகிற கோட்டைக் கழற்றியிருந்தாள். எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன நஜெத், உடம்பு சரியில்லையா?"

"ஆமா, டாக்டரம்மா. கொஞ்ச நாளாவே."

"என்ன பண்ணுது?"

அவள் என்னைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணும் பண்ணல. அதான் கஷ்டமே. குளிர் காலத்துல எங்கம்மா செத்துப்போனாங்க. எனக்கு அழுகையே வரல."

நஜெத்தின் அம்மா அன்று காலைதான் இதே நாற்காலியில் உட்கார்ந்து, மகள் உப்பே போடாமல் சமைக்கிறாள் என்று என்னிடம் கோள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் பேனாவை எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன்.

"அப்புறம்?"

"நாலாம் நாளே வேலைக்கு வந்துட்டேன். வேலையெல்லாம் சரியாத்தான் செய்யறேன். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா மத்தியானம் கொண்டுவர்ற ரொட்டிய முழுசாத் திங்கறதில்ல, பாதிய காகிதத்துல சுத்தி மேஜை டிராயர்ல போட்டுடறேன். அங்க எறும்பு வந்துடுச்சு."

என் மேஜை டிராயர் பக்கம் நான் கண்ணைத் திருப்பவில்லை.

"முன்னெல்லாம் எல்லார்கிட்டயும் 'ரெண்டு வாரம் கழிச்சு வாங்க'ம்பேன். ஊர்ல என்னக் கேலி பண்ணுவாங்க அத வெச்சு. இப்போ யாரையும் வரச் சொல்றதில்ல. நேத்து முந்தாநாள் ஒரு மனுஷன சாவுலேர்ந்து இழுத்துப்போட்டேன். அவருக்கும் சொல்லல, வந்து காட்டுன்னு."

"நஜெத்."

"ரத்தம் குடுத்தேன். எல்லாம் சரியா இருக்காம். அந்தத் தாள் என்கிட்டதான் இருக்கு, என் பேர்ல." இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "ரத்தம் என் பேர்லதான போச்சு, டாக்டரம்மா? அப்போ நோயும் என் பேர்லதான். நான் வராம வேற யார் வருவா?"

அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஒரு கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியாதபோது நான் செய்கிற ஒன்றைச் செய்தேன். கையை நீட்டினேன். அவள் மணிக்கட்டைக் கொடுத்தாள். நாடியைப் பிடித்தேன். மிக வேகமாக ஓடியது, துரத்தப்பட்டதுபோல. வார்த்தைகள் என்னுடையவை, ஆனால் நாடி அவளுடையது. சூஸிலிருந்து வந்த அழைப்புகள் அவள் எடுத்துக் கொடுத்தவைதானே. நான் போனால் இந்த முன்னறையும் போகும். மப்ரூக்காவைப்போல இவளும் வேறொருவரின் நோயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்கடியில் தன்னுடையதையும் வைத்திருக்கிறாள். இரண்டையும் ஒரே மணிக்கட்டில் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வேற ஊருக்குப் போகலாம்னு ஒரு யோசனை இருக்கு எனக்கு," என்றாள் நஜெத், குரல் சற்று இறங்கி. "கடற்கரை ஊரு. இடம் மாறினா சரியாயிடுமா, டாக்டரம்மா? மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் உண்மையச் சொல்லணும்."

நோயாளிக்குப் பொய் சொல்வதில்லை என்பது என் வழக்கம். அதற்கும் அன்புக்கும் சம்பந்தமில்லை. பொய் சொன்னால் எதைச் சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"தெரியல," என்றேன். "ஆகலாம். ஆகாமலும் போகலாம். அங்க போனா யாரும் கவனிக்க மாட்டாங்க. அது சில பேருக்கு நல்லது."

"எனக்கு?"

விரல் இன்னும் அவள் நாடியில் இருந்தது. வேகம் குறையவில்லை. மணிக்கட்டில் சோப்பு வாசம், வெங்காய வாசம்.

"இதுக்கு மருந்து இருக்கு," என்றேன். "பேசறதுக்கு ஒரு மருத்துவர் இருக்காங்க, கெஃப்ல. அனுப்பறேன். ஆனா உடனே பலன் தெரியாது. நாளாகும்."

"சரி."

"ரொட்டிய முழுசா சாப்பிடுங்க."

"சரி."

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது. நஜெத் சட்டைக் கையைக் கீழே இழுத்துப் பொத்தானைப் போட்டாள். நேரமெடுத்துப் போட்டாள்.

"காலைலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம். கடைசியா."

"கடைசியா," என்றாள். எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நோயாளியின் நாற்காலியை எப்போதும்போல மேஜைக்கு நேராகத் தள்ளிவைத்தாள். வாசலில் நின்று, பழைய குரலில், "அடுப்ப அணைச்சுட்டுப் போங்க, டாக்டரம்மா. எரிவாயு ஆள் இந்த வாரம் வர மாட்டான்," என்றாள்.

அவள் போன பிறகு நவ்ஃபலை அழைத்தேன்.

"வர்றியா?"

"இல்ல."

"ஏன், என்னாச்சு? வேற எவனாவது கூப்பிட்டானா?"

"இல்ல. ஒருத்திய ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டேன்."

"யாரு?"

"அன்னைக்குச் சொன்னேனே. ஒண்ணுமே உறைக்காதவ."

"மனநல மருத்துவர்கிட்ட தள்ளிவிடுன்னு சொன்னேனே?"

"அங்கயும் அனுப்பறேன். ஆனா மொதல்ல இங்க வரட்டும்."

அவன் பெருமூச்சு விட்டான். "அவ வருவாளான்னே தெரியாது, வஸீலா. இந்த மாதிரி ஆளுங்க பாதிப் பேரு திரும்பி வர மாட்டாங்க."

"இருக்கலாம்," என்றேன்.

டிராயரைத் திறந்தேன். காகிதத்தில் சுற்றிய அரை ரொட்டி, கல்லாகியிருந்தது. இன்னொன்று அதற்கடியில். எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். ஈரத்துணியால் டிராயரைத் துடைத்தேன். எதுவும் உறைக்கவில்லை. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன்.